மக்காத துணி

விடிந்தும் விடியாத வெளிச்சம். பிரிஜித் தேவியின் கிணற்றோர முள்மரம் முழுக்க நோயாளிகளின் துணிக்கீற்றுகள் ஈரத்தில் தொங்குகின்றன. துணி மக்க மக்க நோயும் போய்விடும் என்பது இங்கே நம்பிக்கை. போன வருஷம் கட்டியவையெல்லாம் நார் நாராகிவிட்டன. சோர்கா தன் கணவன் லோர்கனின் சட்டையைக் கிழித்துக் கட்டிய நீலத் துணி மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளக்கிறது. மழைக்கோட்டுக்கு மேல் வெள்ளை அங்கி போட்டிருக்கும், ட்ரூயிட் என்ற பழைய மதத்தின் பூசாரி மியூரின் அதை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள்.

"பாலியெஸ்டர்டீ. நாம செத்தாலும் இது மக்காது."

"அவுத்துட்டு பருத்தித் துணி கட்டிடவா?"

"வேணாம். அவுக்கறவங்களுக்கு அந்த நோய் வந்துரும்." சொல்லிவிட்டு மியூரின் தன் விரலை அங்கியில் அழுத்தித் துடைக்கிறாள்.

காருக்குள் லோர்கன் இருமுகிறான்; இருமல் நிற்கவில்லை. சோர்கா கையுறையைப் பல்லால் கடித்து உருவுகிறாள். நகம் முடிச்சைத் தேடுகிறது.