தள்ளாட்டம்

"அவங்க கிளம்புற வரைக்கும் நீங்க இந்த ரூமை விட்டு வெளிய வரக் கூடாது, ஆமா!"

சொல்லிவிட்டு, பிரம்மி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஜீவகன் கட்டிலில் உட்கார்ந்தார். மகள் அனந்தியைப் பெண் பார்க்க வந்தவாசியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெற்ற அப்பன் அறைக்குள் அடைந்து கிடக்கிறான்.

மனைவியைக் குறை சொல்லவும் முடியவில்லை. செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே ஜீவகன் தடுமாறி விழுந்தது ஊருக்கே தெரியும். நடந்தால் கால் பின்னிக்கொண்டது. தெரிந்தவர் பெயர்கூடச் சட்டென்று வாயில் வரவில்லை. வெங்காயம்கூடத் தொடாத சமணரை, 'நயினார் ரகசியமா ஊத்திக்கிறாரு' என்று பேசிவிட்டார்கள். அந்தப் பேச்சாலேயே நல்ல சம்பந்தங்கள் தட்டிப்போயின.

கூடத்தில் குரல்கள் கேட்டன. மாப்பிள்ளை மகாவீர், அவன் அம்மா, தாய்மாமன் வாசுபூஜ்யன் வந்திருந்தார்கள்.

"பொண்ணோட அப்பா எங்க?" என்றார் மாமன்.

"அவருக்கு வேலூர்ல ஒரு சோலி..." பிரம்மி இழுத்தாள்.

"இல்ல. நைனா உள்ளதான் இருக்குறாரு." அனந்தியின் குரல் கணீரென்று வந்தது. "நைனா, வெளிய வாங்க!"

ஜீவகன் எழுந்தார். நிலைப்படியைத் தாண்டும்போது தரை எங்கே இருக்கிறதென்று காலுக்குப் பிடிபடவில்லை. சுவரைப் பிடித்தும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அனந்தி ஓடி வந்து தோள் கொடுத்தாள்.

வாசுபூஜ்யன் விருட்டென்று எழுந்தார். "பட்டப்பகல்லயே இப்டியா? இன்னொரு தடவை இந்தக் கொடுமை நமக்கு வேணாம்க்கா. கிளம்பு!"

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள் அனந்தி. "எங்க நைனா குடிச்சதே இல்ல. இது வைட்டமின் பி-12 குறைவு."

"சத்துக் குறைஞ்சா தள்ளாடுவாங்களா? யாருகிட்டம்மா கதை விடுற?"

"கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்குதில்ல? அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்குது. பி-12 இல்லன்னா அது கெட்டுப் போயிடும். கால் எங்க இருக்குதுன்னு மூளைக்குச் சேதி போவாது. ஞாபகமும் தப்பும். அந்தச் சத்தைச் செடி கொடி எதுவும் செய்யாது. மாட்டு வயித்துல இருக்குற நுண்ணுயிருங்க செஞ்சு, பால்ல கலந்து வருது. நம்ம சாப்பாட்டுக்குப் பாலும் தயிரும்தான் வழி."

"உங்க வீட்ல பாலுக்கா பஞ்சம்?"

அனந்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் காலேஜ் சேர்ந்த அன்னிக்கு, 'எம்பொண்ணு படிச்சு வேலையில உக்கார்ற வரைக்கும் பால், தயிர் தொட மாட்டேன்'னு விரதம் எடுத்தாரு. ஈரல்ல சேர்ந்திருந்த சத்து சில வருஷம் தாங்குச்சு. எனக்கு வேலை கிடைக்கிறதுக்குள்ள அது தீர்ந்து, தள்ளாட ஆரம்பிச்சிட்டாரு. ஊரு சிரிச்சுது. நான் படிச்ச பயோகெமிஸ்ட்ரி எதுக்கு இருக்குது? ரத்தம் டெஸ்ட் பண்ண வச்சேன். இப்ப ஊசி போட்டுக்கிட்டு வர்றாரு, முன்னைக்கு எவ்ளோ தேவல. இவரை ஒளிச்சு வச்சு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம். புடிக்கலன்னா நீங்க தாராளமா கிளம்பலாம்."

ஜீவகன் நிமிர்ந்து நின்றார். மண்டியிலேயே முதல் தர மல்லாட்டை தன்னுடையதுதான் என்று விலை சொல்லும்போதுகூட அவர் மார்பு இப்படி விரிந்ததில்லை.

வாசுபூஜ்யன் மறுபடி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா அதுவரை தட்டில் வைத்த கேசரியைத் தொடவே இல்லை. இப்போது எழுந்து வந்து அனந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊசி... எந்த டாக்டரும்மா போடுறாரு?"

"ஏம்மா கேக்குறீங்க?"

"எங்க வீட்டுக்காரரும் வந்திருக்காரு. குடிகாரருன்னு நீங்க நெனச்சிடுவீங்களோன்னு, இறங்க வேணாம்னு சொல்லித் தெருமுனையில கார்லயே உக்கார வச்சிட்டு வந்துட்டேம்மா!"