கடைசி இரவல்

டிங்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டிங்.

மேஜைக் கம்ப்யூட்டரின் சத்தம்தான். புதுப் புத்தகங்களின் முதுகில் எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த உதவி நூலகர் நிமிர்வதற்குள் தலைமை நூலகர் பின்னால் வந்து நின்றுவிட்டார். வாசகர்கள் அவரை 'ஸ்ஸ் சார்' என்பார்கள். இன்றைக்கு அவரே சத்தமாகப் பேசினார்.

"அந்தக் கப்பல் சமையல்காரன் நாவலா?"

"ஆமா சார். இப்பதான் எடுத்தாங்க. அதுக்குள்ள திருப்பிட்டாங்க."

"ஒருத்தர் மத்தியானம் எடுத்து மத்தியானமே திருப்புறார். இன்னொருத்தர் சாயங்காலம் எடுத்து ராத்திரி திருப்புறார். மறுநாளும் அதே ரெண்டு பேர். பந்து விளையாடுறாங்களா?"

"மின்னூல்தானே சார். கிழியவா போகுது?"

"கிழியாது, தீர்ந்துபோகும். பதிப்பாளர் இத்தனை இரவலுக்குன்னு எண்ணித்தானே நமக்கு உரிமம் தர்றாங்க? ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒண்ணு குறையும். ஊரே படிக்கட்டும்னு வாங்கினதை இந்த ரெண்டு பேருமே தின்னுட்டாங்க. பாக்கி ஒரே ஒரு இரவல். திரும்ப வாங்கலாம்னா விற்பனையிலயே இல்ல. அச்சுலயும் இல்ல. அடுத்த ஆளுக்குப் போகாம நிறுத்தி வை. ரெண்டு கார்டையும் முடக்கு."

"ஏன்னு கேட்டுட்டு முடக்கலாமே சார்."

அவர் யோசித்தார். "கேளு. என்ன காரணம் சொல்றாங்கன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

போன் போட்டதும் முதல் ஆள் நேரிலேயே வந்துவிட்டார். தெருமுனைத் தையல்கடைக்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு தடவை எடுத்தா ரெண்டு வாரம் வெச்சுக்கலாமே அக்கா. ஏன் உடனே உடனே திருப்புறீங்க?"

"எப்படிம்மா வெச்சுக்கிறது? திறந்தாலே, 'உங்களுக்குப் பின் ஒருவர் காத்திருக்கிறார்'னு வருதே. நாம சாப்பிடறப்ப ஒருத்தர் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. சாப்பாட்டு நேரத்துல ஒரு அத்தியாயம் படிப்பேன், திருப்பிக் குடுத்துட்டு மறுபடி வரிசையில நிப்பேன். அவங்களுக்கும் தங்கமான மனசு போல. ஒருநாள்கூட என்னைக் காக்க வெச்சதில்ல."

உதவி நூலகர் இரவல் கணக்கை எடுத்துச் சொன்னார். தையல்காரரின் முகம் சுருங்கிப்போனது.

"அடக் கடவுளே. நல்லது செய்யறேன்னு நானே புத்தகத்தைத் தீர்த்துட்டேனா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. நீங்க எடுத்துக்கிட்டா முழுசா முடிச்சிடலாம்."

அவர் நாடாவின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

"சமையல்காரன் ஊர் வந்து சேர்றானா இல்லையான்னு தெரியாம எனக்குத் தைக்கிற தையல் எல்லாம் கோணுது. ஆனா வேண்டாம்மா. அவங்களுக்கே குடுத்துடுங்க."

"யாருன்னே தெரியாதவங்களுக்கா?"

"தெரிஞ்சவங்க லட்சணத்தைத்தான் தினம் பார்க்கிறேனே. கீழ் வீட்டுல என் ஓரகத்தி இருக்கா. மோட்டார் சுவிட்சு அவ பக்கம். மேல குழாயில வெறும் காத்து வந்தாலும் எழுந்து தட்ட மாட்டா. பேச்சு வார்த்தை நின்னு வருஷமாச்சு."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஸ்ஸ் சார் மெல்ல எட்டிப் பார்த்தார். உதவி நூலகருக்கு ஒன்று தோன்றியது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. இங்கே பெரிய திரையில திறந்து வைக்கிறேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து படிங்க. ஒரே இரவல்ல முடிஞ்சிடும்."

"வரேன். கதை கிடக்கட்டும், அவங்களைப் பார்க்கணும். யாரும்மா அவங்க?"

"பேர் சொல்லக் கூடாது அக்கா. நூலக விதி."

தையல்காரர் சிரித்துக்கொண்டே போனார். ஸ்ஸ் சார் தொண்டையைச் செருமினார். "கார்டை முடக்க வேண்டாம். ஞாயிறு நானும் வரேன்."

அடுத்த எண்ணைப் போட்டார் உதவி நூலகர். ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அங்கேயும் அதே தவிப்பு.

"ஐயோ மேடம், காத்திருக்கிறாங்களேன்னுதான் ஓடி ஓடித் திருப்பினேன். கடைசி இரவலை அவங்களுக்கே குடுங்க."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமே வந்து சேர்ந்து படிச்சிடுங்களேன்."

"கட்டாயம் வரேன். வீட்டுல மோட்டாரை மட்டும் சீக்கிரம் போட்டு அணைச்சுட்டுக் கிளம்பணும். மாடியில என் ஓரகத்தி ஒருத்தி. தொட்டி நிரம்பி வழிஞ்சு என் வாசலெல்லாம் குளமானாலும், 'போதும்'னு ஒரு குரல் குடுக்க மாட்டா. ஊருக்கெல்லாம் துணி தைக்கிறா, தன் வாயையும் சேர்த்துத் தைச்சுக்கிட்டா போல."

எண் சீட்டை உரித்துக்கொண்டிருந்த உதவி நூலகரின் விரல் பாதியில் நின்றது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஞாயித்துக்கிழமை மறக்காம வந்துடுங்க."

"மறப்பேனா? இப்படிப்பட்டவங்க மட்டும் எங்க மாடியில குடியிருந்தா, மாடிப்படிக் கதவு ஒண்ணுக்கு ஆளுக்கொரு பூட்டு எதுக்கு மேடம்?"

போனை வைத்தார். பாதி உரித்த எண் சீட்டு விரலிலேயே ஒட்டியிருந்தது. அதை அடுத்த புத்தகத்தின் முதுகில் நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.