பனிமூட்டத்தில் நீலக்கண்ணி

வடதுருவப் பனிவெளியில் மூன்று பயணிகளோடு ஒரு சறுக்குவண்டியை ஆறு ஹஸ்கி நாய்கள் இழுத்துப் போயின. திடீரென்று பனிமூட்டம் கவிந்தது. முன்னால் ஓடிய நீலக்கண்ணிக்கு எதுவுமே தெரியவில்லை. வண்டியோட்டிக்கு வழி தெரிந்திருக்கும் என்று நம்பி ஓடினாள்.

அப்போது வண்டியோட்டி பயணிகளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "பயப்படாதீங்க, நாய்க்கு வழி தெரியும்."

குழம்பிப்போய் நின்றுவிட்டாள்.

"ஏன்க்கா நின்னுட்டே?" என்றான் கடைசியில் ஓடிய மொட்டைவால்.

"எனக்கு வழி தெரியலடா. உனக்கு?"

"எனக்கும் தெரியாது. ஆனா வண்டி பாரத்துல கீழே ஐஸ் விரிசல் விடுற சத்தம் ரொம்ப நேரமா கேக்குது. நீ தெரிஞ்சுதான் போறேன்னு நினைச்சேன்."

அவர்கள் நின்றது உறைந்த ஏரியின்மேல். ஆறு நாய்களும் மெல்லத் திரும்பி, வந்த தடத்தை மோந்துகொண்டே வண்டியைக் கரைசேர்த்தன.

வண்டியோட்டி நீலக்கண்ணியைக் கட்டிக்கொண்டார். "ஏரின்னு தெரிஞ்சதும் எப்படி நின்னா பாத்தீங்களா!"

பயணிகள் கைதட்டினார்கள். மொட்டைவாலும் பெருமையாக அவளைப் பார்த்தான். ஒருவேளை தெரிந்துதான் நின்றோமோ என்று நீலக்கண்ணிக்கே குழப்பமாகிவிட்டது.