கோடித்துணி

அன்று காலை இறந்துபோன கணவன் வெள்ளனுக்குக் கோடித்துணி வாங்க மருதி மலையிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தாள். அரசு உதவித்தொகை போன வருடத்திலிருந்து மலைச்சனங்களுக்கு மட்டும் பணமாக வருவதில்லை. ஓர் அட்டையில்தான் வருகிறது. கடைக்காரர் வரதப்பன் அதை இயந்திரத்தில் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"துணிக்கு இது செல்லாதும்மா. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, அவ்வளவுதான்."

"இப்பப் போன அக்காவுக்கும் அதே உதவித்தொகைதானே? சேலை வாங்கிட்டுப் போறாங்க."

"அவங்க டவுன்காரங்க. கையில பணமாவே வருது."

"சனம் பார்த்துப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காமேண்ணா?"

"இருக்கு. இந்தத் திட்டத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வெச்சிருக்காங்க. பணமாக் கொடுத்தா நீங்க குடிச்சே அழிச்சிருவீங்களாம்."

வெள்ளன் ஒருநாளும் குடித்ததில்லை.

"அப்ப அரிசி குடுங்க. பத்துக் கிலோ மூட்டை மூணு."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் முதல் மூட்டையின் வாய்த்தையலை உருவி, கவிழ்த்துத் தரையில் கொட்டினாள். அரிசி வரிசையில் நின்றவர்களின் கால்வரை ஓடியது. யாரும் காலை நகர்த்தவில்லை. அடுத்த இரண்டையும் கொட்டினாள்.

"என்னம்மா பண்றே? சாப்பிடுற அரிசி!"

அவள் மூன்று சாக்குகளையும் உதறித் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்துப் பார்த்தாள். பிறகு அட்டையை மறுபடி நீட்டினாள்.

"அவரு நல்ல உசரம்ண்ணா. இன்னொரு மூட்டை போடுங்க."