மூன்றாவது இன்ஜினியர்

வேலையில் இருந்த காலமெல்லாம் நடந்ததைவிட, வீட்டைச் சோதித்துச் சொல்ல நல்ல இன்ஜினியரைத் தேடி அலைந்ததில்தான் அந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குக் கால் ஓய்ந்துபோனது.

முதலில் வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"இவர் சரிப்பட மாட்டார்," என்று மனைவியிடம் முணுமுணுத்தார் தபால்காரர்.

இரண்டாமவர், "பெயிண்ட் அடிச்சாப் போதும்," என்றார். அவரும் வேண்டாமென்றாயிற்று.

மூன்றாமவர் சிடுசிடுவென்று மொட்டைமாடிவரை ஏறி இறங்கினார். "கூரை ஒழுகுது. நிலையில கரையான். யாரோ உங்க தலையில கட்டப் பார்க்குறாங்க, ஏமாந்துடாதீங்க."

தபால்காரர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "படிச்ச ஆளுன்னா இப்படி இருக்கணும். நாளைக்கு வாங்க வர்றவங்ககிட்ட இதையே சொல்லிடுங்க."

"அப்போ நீங்க வாங்கலையா?"

"பையன் இதை வித்துட்டு, எங்களைத் தன்னோட ஃபிளாட்டுக்கு வரச் சொல்றான்."

"கூரை நிஜமாவே ஒழுகுது சார்."

"தெரியும்ப்பா," என்றாள் மனைவி, அலுப்போடு. "எத்தனை மழைக்கு வாளி வச்சிருக்கேன்."

தபால்காரர் சட்டையைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் திரும்பிப் பார்க்காமலே மாட்டினார்.