சனிக்கிழமை விரதம்

“மெல்லத் தின்னுளா! விரதம் முறிஞ்சிரப் போவுது” என்றாள் பார்வதியம்மாள், சொதியில் ஊறிய சோற்றைக் கை நிறைய அள்ளியபடி.

மாரீஸ்வரிக்குப் புரை ஏறியது. “சும்மா இருங்கக்கா. யார் காதுலயாவது விழுந்து, பொன்செல்விகிட்ட போயி சொல்லி வச்சா?”

“இந்த மாட்டுங்கா மெஸ்ஸுல நம்மள யாருக்குத் தெரியும்? பயப்படாம இஞ்சித் துவையலத் தொட்டுக்கோ.”

மும்பை தாராவியில் ஒரே மாடியில் பொன்செல்வியோடு சேர்த்து மூன்று பேருக்கும் வீடு. மூவரும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறவர்கள். மத்தியானம் தனித்தனியாக எதற்கு அடுப்பு என்று, நாலு வருடமாக ஒருத்தி சமைப்பாள், மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டு நாள் முறை. பொன்செல்விக்குப் புதனும் சனியும்.

புதன்கிழமை அவள் வைக்கிற மீன் குழம்புக்கு விரலைச் சூப்பலாம். வில்லங்கம் சனிக்கிழமையில்தான். ஆடி மாதத்திலிருந்து அவளுடைய சனிக்கிழமைச் சாம்பார் அப்படியே கடல் தண்ணீர்.

“சனிக்கிழமைன்னா எட்வினுக்கு லீவு. வீட்டுல கிடந்து நொய்நொய்ங்கிறாரு போல. புருசன் மேல உள்ள கோவத்தையெல்லாம் குழம்புல கொட்டுதா” என்பது பார்வதியம்மாளின் கண்டுபிடிப்பு.

நேராகச் சொல்லிவிட மாரீஸ்வரிக்கு வாய் வரவில்லை. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து அவள் படுத்துக் கிடந்தபோது மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டவள் பொன்செல்வி. உன் சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் முகம் சுண்டிப் போனால் இந்தக் கூட்டுச் சாப்பாடே போச்சு.

பார்வதியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். “புரட்டாசி சனி, பெருமாளுக்கு விரதம், பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு சொல்லிருவோம். அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரி. நம்ம விரதத்தப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?”

“விரதமா? நல்லா இருங்கக்கா” என்று பொன்செல்வியும் ஒரு கேள்வி கேட்காமல் தலையாட்டிவிட்டாள்.

புரட்டாசி முடிந்தது. ஐப்பசி போனது. கார்த்திகையும் போய் இப்போது மார்கழி. இவர்கள் விரதம் மட்டும் முடிந்தபாடில்லை. சனிக்கிழமை ஆனால் கோயிலுக்கு என்று கிளம்பி, வடாபாவில் ஒப்பேற்றி வந்தவர்கள், இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த மெஸ்ஸுக்குள் நுழைந்திருந்தார்கள்.

மாரீஸ்வரியின் போன் அடித்தது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்தாள். “ஐயோ, அவதான்!”

“எடுளா. எடுக்கலைன்னாத்தான் சந்தேகப்படுவா. வாயில இருக்கிறத முதல்ல முழுங்கு.”

“மாரிக்கா, கோயில்லயா இருக்கீங்க?” என்றது பொன்செல்வியின் குரல்.

“ஆமாட்டி. ரொம்பக் கூட்டம்.”

“ஏதோ தட்டுச் சத்தம் கேக்கு?”

“அது… பிரசாதத் தட்டு. உங்கிட்டயும் என்னமோ உருளுதே?”

“நான் சர்ச்சுல இருக்கேன்க்கா. இன்னைக்கு அசன விருந்து. அண்டா உருட்டுதாங்க. எனக்கும் சேத்துப் பெருமாள்கிட்ட வேண்டிக்கோங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம்க்கா. எனக்காக வேண்டிக்கோங்கன்னு சொல்லுதா. நாம இங்க உக்காந்து அப்பளத்த நொறுக்கிட்டிருக்கோம். இதுக்கு மேல என்னால முடியாது. இன்னைக்கே போயி உள்ளதச் சொல்லிருவோம்.”

“சொல்லி? உப்பு ஜாஸ்தின்னா?”

“பேசாம நாமளே பக்குவம் சொல்லிக் குடுத்துருவோம்.”

“அதுவும் சரிதான்” என்றாள் பார்வதியம்மாள். பிறகு சாதம் போட வந்த சர்வர் நாகராஜைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, இந்தச் சொதி வச்சது யாரு? எங்க திருநவேலியில கூட இப்படி ஒரு சொதி தின்னதில்ல.”

“சமையலுக்கு ஒரு லேடீஸ் மாஸ்டர் இருக்காங்கக்கா. சனிக்கிழமை மட்டும்தான் வருவாங்க. புரட்டாசியிலேர்ந்துதான் வாராங்க. அவங்க வந்ததுலேர்ந்து சனிக்கிழமை ஃபுல் ரஷ்.”

“அவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்க. எங்களுக்கு வேண்டிய பிள்ளை ஒருத்தி. நல்லவதான், சனிக்கிழமை ஆனா உப்பு எவ்வளவு போடணும்னே மறந்துபோவும். அவளுக்குச் சொல்லிக் குடுக்க ரெண்டு வார்த்தை கேட்டுக்கிடுதோம்.”

நாகராஜ் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுக்களைத் திரை விலகியது. தலையில் துண்டும் கையில் சொதி வாளியும் கரண்டியுமாக வந்த லேடீஸ் மாஸ்டரைப் பார்த்ததும், பார்வதியம்மாள் கையிலிருந்த அப்பளம் இலையில் விழுந்தது.

“என்னக்கா, பெருமாள் இன்னைக்கு இங்கதான் எழுந்தருளியிருக்காரா?” என்றாள் பொன்செல்வி.

மாரீஸ்வரி தன் அப்பளத்தை இலைக்கு அடியில் தள்ளினாள்.

“வேதக்காரின்னாலும் நான் பாளையங்கோட்டையில பொறந்தவ. புரட்டாசி எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதா? ஆடி மாசமே இந்த மெஸ்ஸுல கூப்பிட்டாங்க. வேலைக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொன்னா, என் முறையையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்வீங்க. அதான் வாயத் திறக்கல.” இருவர் இலையிலும் இன்னும் இரண்டு கரண்டி சொதியை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: “நீங்களா சனிக்கிழமைச் சாப்பாட்ட விடுவீங்க, விடுவீங்கன்னு அள்ளி அள்ளிப் போட்டு, உங்களுக்கு விரதம் வாரதுக்குள்ள எனக்கு நாலு பாக்கெட் உப்பு தீந்துட்டுக்கா!”