பனிமலையில் ஒரு ஜோடி

ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருந்த அந்தச் சொகுசு மரவீட்டைக் கவனித்துக்கொண்ட வெரேனாவுக்கு ஒரே கவலை. ஜோடியாக வந்த விருந்தாளிகளான லீன்ஹார்டும் வால்புர்காவும் வந்த நாளிலிருந்து தனித்தனி அறையில்தான் படுத்தார்கள். கணப்பு அருகே உட்கார்ந்து சாப்பிடும்போதும் சண்டைதான்.

"பனியில சறுக்கும்போது என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே," என்றார் வால்புர்கா.

"நீ ஆமை மாதிரி வந்தா நான் என்ன பண்றது?"

கிளம்பும்போது வால்புர்கா சொன்னார்: "அடுத்த குளிருக்கும் வர்றோம். ஒரே அறை போதும்."

வெரேனா விழித்தாள். "நீங்க பிரியப்போறீங்கன்னு நினைச்சேம்மா."

"விவாகரத்தாகி ஆறு வருஷமாச்சு. மறுபடி சேர்ந்து வாழ முடியுமான்னு பார்க்கத்தான் வந்தோம்."

"இவ்வளவு சண்டைக்கு அப்புறமுமா?"

லீன்ஹார்ட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கல்யாணமாகி இருந்தப்போ நாங்க பேசிக்கவே மாட்டோமே."